மின்னிணைப்பாளருக்குப் பள்ளி எங்கே?

திடீர் மரண விசாரணைகளில் நாம் கேட்டுக் கேட்டுச் செவி புளித்துப்போன முடிவொன்று உண்டு. ‘மின்சாரம் தாக்கியமையால் நேர்ந்த மரணம்’ என்பதே அது. நான்கு சொற்கள். அந்நான்கு சொற்களும் எழுதப்பட்டதும் விசாரணை முடிந்துவிடுகின்றது. பிரேதம் உறவினரிடம் ஒப்படைக்கப்படுகின்றது. கிணற்றடியில் மோட்டாரைத் தொட்ட கமக்காரர், ஈரக் கையோடு ஆளியைத் தொட்ட தாய், கூரைமீதேறிய இளைஞர் என ஆள் மாறும், முடிவு மாறாது. அந்த மோட்டாருக்குக் கம்பி இணைத்தவர் யார்? அவர் எங்கே தொழில் கற்றார்? கற்றபின் எத்தனை ஆண்டுகளாக ஒரு வகுப்பறையின் வாசலை மிதிக்காதிருந்தார்? மிதிக்க விரும்பியிருந்தால், அவருக்கென்று ஒரு வகுப்பறைதான் இருந்ததா? இக்கேள்விகளை எவரும் கேட்பதில்லை.

வழக்காடுவது எமது தொழில். ஒரு தீங்கு நேர்ந்தால் அதற்குப் பொறுப்பாளி யார் எனத் தேடுவது எமது பழக்கம். இவ்விடயத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்கவேண்டியவர் அந்த ஏழைத் தொழிலாளர் அல்லர் என்பதையே நாம் இங்கு நிலைநாட்ட முற்படுகின்றோம். கற்பியாதோர் குற்றத்தைக் கல்லாதார் தலையிற் சுமத்துவது நீதியாகாது.

முதலில் அவர் யார் என்பதை நினைவு கூர்வோம். ஊரார் மொழியில் அவர் ‘வயறிங்காரர்’. 1990 ஆம் ஆண்டுக்குப் பின் யாழ்ப்பாணக் குடாநாடு பல ஆண்டுகள் நாட்டின் மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டு இருளில் கிடந்ததை எம் வாசகருள் நாற்பது வயதைக் கடந்தோர் மறந்திருக்கமாட்டார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் மண்ணெண்ணெயும் இட்டு அதன் சிறு சுடரில் எமது பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்த காலம் அது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்னில் வானொலிச் செய்தி கேட்ட காலமும் அதுவே. அந்த இருளில்தான் எமது இளைஞர் பலர் மின்சாரத்தைக் கற்றனர். எரிந்த மோட்டாரின் சுருளை அவிழ்த்து மீளச் சுற்றினர். உடைந்த மின்பிறப்பாக்கிக்கு உயிர் கொடுத்தனர். ஆசான் இல்லை, நூல் இல்லை, சான்றிதழ் இல்லை. தேவையே அவர்களுக்கு ஆசானாயிற்று.

போர் 2009 இல் ஓய்ந்தபின் மீள்குடியேறிய வீடுகளுக்கு ஒளி தந்தவர்களும் இவர்களே. இந்திய உதவித் திட்டத்தின்கீழ் வடக்கிலும் கிழக்கிலும் மட்டும் 46,000 வீடுகள் வரை திட்டமிடப்பட்டன. அவற்றின் சுவர்களில் ஓடும் கம்பிகளை இழுத்தவர் எவர் என்று விசாரித்தால், பெரும்பாலும் ஊரிலுள்ள ஒருவரின் பெயரே வரும்; அவர் கையில் ஒரு தாளும் இராது. அத்தொழிலாளரை நாம் இகழவில்லை. வணங்குகின்றோம். ஆயினும், வணக்கம் வேறு, பாதுகாப்பு வேறு.

மின்சாரத் தொழில் மரவேலையைப் போன்றதன்று. பாட்டன் பிடித்த உளியைப் பேரனும் பிடிக்கலாம். மரத்தின் இயல்பு மாறுவதில்லை. மின்தொழிலிலோ ஒருவன் இருபது வயதிற் கற்றது நாற்பது வயதில் அவனையே கொல்லும். இது மிகையன்று என்பதற்குக் கம்பிகளின் நிறமொன்றே போதும்.

பழைய பிரித்தானிய முறைப்படி மும்முனை மின்சாரத்தில் உயிர்க்கம்பிகள் மூன்றும் சிவப்பு, மஞ்சள், நீலம். நொதுமற் கம்பி கறுப்பு. புதிய முறைப்படி உயிர்க்கம்பிகள் கபிலம், கறுப்பு, சாம்பல், நொதுமல் நீலம். வாசகர் சற்று நின்று சிந்திப்பாராக. முன்னர் தொட்டால் உயிர்போகும் நீலம், இன்று நொதுமல். முன்னர் நொதுமலாயிருந்த கறுப்பு, இன்று உயிர்க்கம்பி! பிரித்தானியாவில் இம்மாற்றம் 2004 இல் தொடங்கி 2006 முதற் கட்டாயமாயிற்று. எமது நாட்டிலோ பழைய அரிசி ஆலையொன்றின் சுவருக்குள் பழைய நிறங்களும், அதன் பக்கத்திற் புதிதாகக் கட்டிய களஞ்சியத்தில் புதிய நிறங்களும், இரண்டும் சந்திக்கும் பெட்டியில் இரண்டும் கலந்தும் கிடக்கின்றன. அப்பெட்டியைத் திறப்பவர் எந்தக் காலத்திற் கற்றவர் என்பதைப் பொறுத்து அவர் மாலையில் வீடு திரும்புவதும் திரும்பாததும் அமைகின்றது. அவருக்கு இதனைச் சொல்லிக் கொடுக்க எத்தனை மணி நேரம் வேண்டும்? ஒரு மணி நேரம்! அந்த ஒரு மணி நேரத்தை அவருக்கு ஒதுக்காத நாடு, அவர் இறந்தபின் நான்கு சொற்களை ஒதுக்குகின்றது.

கமக்காரப் பெருமக்களுக்கு நெருங்கிய விடயம் புவித்தொடுப்பு. எமது நாட்டில் வீட்டுக்கு வீடு நிலத்திற் செம்புக் கோலொன்றைப் புதைத்து அதனோடு புவிக்கம்பியை இணைப்பதே பெரும்பாலும் வழக்கம். அக்கோலுக்கும் மண்ணுக்கும் இடையிலான தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மோட்டாரின் இரும்புக் கூட்டில் 230 வோல்ற்று மின்சாரம் கசிந்தால், அக்கோல் வழியே நிலத்துக்குச் செல்வது 23 அம்பியர். 32 அம்பியர் துண்டிப்பான் இதனைக் கண்டு அசையாது. இனி, யாழ்ப்பாணத்துச் செம்மண்ணை நினைத்துப் பாருங்கள்: சிறிது ஆழத்திற் சுண்ணாம்புக் கல், கோல் இறங்க மறுக்கின்றது, மிஞ்சியதை வெட்டிவிட்டுப் போவாரும் உளர். மழையற்ற மாதங்களில் மண் காய்கின்றது, தடை ஏறுகின்றது. அது 40 ஓம் ஆகிவிட்டால் ஓடுவது 6 அம்பியர்கூட இல்லை. வீட்டிலுள்ள எத்துண்டிப்பானும் உறங்கிக்கொண்டிருக்க, மோட்டாரின் கூடு உயிர்க்கம்பியாகி, ஈர நிலத்தில் வெறுங்காலோடு வருபவருக்காகக் காத்திருக்கின்றது.

அவ்வேளையில் உயிரைக் காப்பது ‘ட்றிப் சுவிச்’ ஒன்றே. உள்ளே சென்ற மின்சாரத்துக்கும் திரும்பி வந்ததற்கும் 30 மில்லியம்பியர் வேறுபாடு கண்டாலே அது கண்ணிமைக்கும் நேரத்திற் துண்டித்துவிடும். அடிக்கடி விழுந்து தொல்லை தருகின்றது என்று வீட்டுக்காரர் முறையிட, அதனைத் தாண்டி நேரே இணைத்துக் கொடுக்கும் வேலை எம் ஊர்களில் நடைபெறுகின்றது என்பதை நாம் அறிவோம். அவ்வாறு செய்பவர் கொலைகாரர் அல்லர். ‘விழுகின்ற சுவிச் பழுதான சுவிச்’ என்றே அவர் எண்ணுகின்றார். எங்கோ கசிவு இருப்பதாலேயே அது விழுகின்றது என்பதையும், அக்கசிவை எக்கருவியால் எவ்வாறு தேடுவது என்பதையும் அவருக்குக் கற்பித்தவர் எவருமில்லை. (அச்சுவிச்சில் பரிசோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. இதனை வாசிப்போர் இன்றே அதனை அழுத்திப் பார்க்கட்டும். விழாவிட்டால் உங்கள் வீட்டில் உள்ளது அலங்காரப் பொருள்.)

புதுமைகள் இன்னும் உள. 2016 இல் அரசு கூரைமேற் சூரிய மின்சாரத் திட்டத்தைத் தொடக்கியபின் படல்கள் எங்கும் ஏறிவருகின்றன. பிரதான ஆளியை நிறுத்தினால் வீடு முழுவதும் மின்சாரம் நின்றுவிடும் என்பது பழைய பாடம். சூரியப் படலுக்கு இப்பாடம் பொருந்தாது. வெயில் உள்ளவரை அதன் கம்பிகளில் நூற்றுக்கணக்கான வோல்ற்று நேரோட்டம் நின்றுகொண்டே இருக்கும். அதிற் தோன்றும் தீப்பொறி வில், ஆடலோட்டத்தில் அணைவதுபோல எளிதில் அணையவும் மாட்டாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் வெட்டப்பட்டபோது, வசதியுள்ளோர் மின்பிறப்பாக்கி வாங்கினர். மாற்று ஆளி வைக்காமல் அதனை வீட்டு இணைப்பிற் செருகினால் அம்மின்சாரம் தெருவுக்கு ஓடி, நிலைமாற்றியிற் புகுந்து 11,000 வோல்ற்றாக அல்லது 33,000 வோல்ற்றாக ஏறி, கம்பத்தின்மேல் நின்று பழுது பார்ப்பவரைக் கொல்லும். அவரும் ஒரு தொழிலாளரே. காட்டுப்பன்றிக்காக வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சும் கொடுமையைப் பற்றி வன்னிக் கமக்காரருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அனுமதிக்கப்பட்ட வேலிக் கருவி நொடிக்கொரு முறை சிறு துடிப்பாக மட்டுமே மின்சாரத்தை விடுவது. வீட்டு மின்சாரம் பிடித்ததை விடாது. பன்றிக்கு வைத்த கம்பியில் அயலவனும் யானையும் விழுகின்றனர். அது குற்றம். அவ்வேலைக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்லும் துணிவு, தொழிலின் மதிப்பை உணர்ந்தவருக்கே வரும்.

நிற்க. அரசு என்ன செய்திருக்கின்றது? ஒன்றும் செய்யவில்லை என்று கூறினால் நாம் பொய்யராவோம். தொழில் பயிலுனருக்கான சட்டம் 1971 இலேயே வந்தது. 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் வழியே மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழு தோன்றிற்று. பின்னர் ஏழு மட்டங்கள் கொண்ட தேசிய தொழில் தகைமை வகுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்திற் தொழில்நுட்பக் கல்லூரி உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம் எழுந்துள்ளது. அம்பாறையில் ஹார்டி உண்டு. பாடசாலை விட்டு வரும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு வாயில்கள் இருக்கின்றன. இருபத்தைந்து ஆண்டு தொழில் செய்து, மூன்று பிள்ளைகளைப் பெற்று, நாட்கூலியில் வாழும் மனிதருக்குத்தான் வாயில் இல்லை.

அவருக்காகவே ‘முன்கற்றலை அங்கீகரித்தல்’ என்றொரு வழி உண்டே எனக் கூறுவாருளர். அது நல்ல வழி, நாம் வரவேற்கின்றோம். ஆனால் அதன் பெயரே அதன் எல்லையைக் கூறிவிடுகின்றது. அவரிடம் ஏற்கெனவே உள்ளதை அது அளக்கும், இல்லாததை ஊட்டாது. நெல்லை மரைக்காலால் அளப்பதனால் நெல் பெருகுமா? மின்னிணைப்பாளர் யாவரும் 3 ஆம் மட்டத் தகைமையையேனும் பெற்று உரிமம் பெறவேண்டும் என்ற கருத்தை இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு சில ஆண்டுகளாக வற்புறுத்தி வருகின்றது. கொள்கையளவில் அதனை எதிர்ப்பவர் அறிவிலிகள். ஆயினும் ஆணைக்குழுவை நோக்கி எமது கேள்வி இது: உரிமத்தைக் கொடுத்தபின் என்ன? 2018 இல் அளக்கப்பட்டவர் 2038 இலும் அதே அளவில் நின்றாற் போதுமா?

பிற நாடுகளைப் பாருங்கள். எமது நாட்டிலும் வயறிங் வேலைக்கு வழிகாட்டியாகக் கொள்ளப்படும் பிரித்தானிய விதிநூல் 1882 இல் முதலில் வெளிவந்தது. 16 ஆம் பதிப்பு 1991 இல், 17 ஆம் பதிப்பு 2008 இல், 18 ஆம் பதிப்பு 2018 இல். அதற்கும் 2022 இல் பெருந்திருத்தம் வந்துவிட்டது. புதிய பதிப்பு வந்ததும் அங்கே தலை நரைத்த தொழிலாளரும் மீண்டும் வகுப்பில் அமர்ந்து பரீட்சை எழுதுகின்றார். அமெரிக்காவில் விதிநூல் மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றது. ரெக்சாஸ் மாநிலத்தில் ஆண்டுதோறும் 4 மணி நேரம் வகுப்பில் இருந்தாலன்றி மின்னிணைப்பாளரின் உரிமம் புதுப்பிக்கப்படாது. மினசோட்டாவில் ஈராண்டுக்கு 16 மணி நேரம். ஆண்டுக்கு நான்கு மணி நேரம்! இதனை எமது நாடு தாங்காதென்று எவரேனும் எம்மிடம் கூற முன்வருவாரா?

இனி மொழிக்கு வருவோம். தொடக்க வகுப்புகள் எம் பகுதிகளிற் தமிழில் நடைபெறுகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. மேலே ஏற ஏறத் தமிழ் தேய்கின்றது. உயர்மட்டப் பாடநெறிகள் பெரும்பாலும் ஆங்கிலம். சூரியக் கருவியோடு வரும் கைந்நூல் ஆங்கிலம். விதிநூலோ விலை கொடுத்து வாங்கவேண்டிய ஆங்கில நூல். அரசியலமைப்பின் 23 ஆம் உறுப்புரை, சட்டங்களும் அவற்றின்கீழ் ஆக்கப்படும் ஒழுங்குவிதிகளும் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கப்பட்டு வெளியிடப்பட வேண்டும் என்கின்றது. நன்று. தமிழ் வர்த்தமானியைத் திறந்து பார்த்தால், ‘உரிய தரத்துக்கு அமைய’ வேலை நடைபெற வேண்டும் என்பது தமிழில் இருக்கும். அந்த ‘உரிய தரம்’ கடலுக்கப்பால் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழிற் கட்டளையிட்டு, கட்டளையின் பொருளை வேறு மொழியில் ஒளித்து வைப்பது தமிழிற் சட்டம் ஆக்கியதாகுமா? உச்ச நீதிமன்றின் முன் இக்கேள்வியை ஒருநாள் யாரேனும் எழுப்பத்தான் வேண்டும்.

21 ஆம் உறுப்புரை இன்னும் தெளிவானது. எந்த ஆளும் தேசிய மொழிகளுள் ஒன்றின் மூலம் கல்வி பெற உரித்துடையவர் என்பது அதன் பொருள். உயர்கல்வி நிறுவனங்களுக்கு அதில் விலக்கு உண்டு. வயறிங் வேலைக்கான வகுப்புக்கு அவ்விலக்கு இல்லை. கல்வி என்பது சீருடை அணிந்த பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்று அரசியலமைப்பில் எங்கும் எழுதப்படவில்லை.

அரசை மட்டும் கடிந்துவிட்டுக் கையைக் கழுவுவதற்கு நாம் ஆயத்தமாயில்லை. இப்பத்திரிகையை வாசிக்கும் வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணிகளாகிய நாம் ஆண்டுதோறும் கொழும்பில் குளிரூட்டிய மண்டபங்களிற் கருத்தரங்குகளுக்குச் சென்று எமது அறிவைப் புதுப்பித்துக்கொள்கின்றோம். எம் வீட்டுக்கு வயறிங் செய்ய வருபவரோ விறாந்தையில் நின்று பேசிவிட்டுப் போகவேண்டியவர். மகளுக்குப் பொறியியலாளர் மாப்பிள்ளை தேடுவதற்கு மூன்று தரகர். வீட்டுக்குக் கம்பி இழுப்பதற்கு, ஆகக் குறைந்த கூலி கேட்பவர்! வீட்டை எட்டியும் பாராமல், மின்னிணைப்புக்கான பரிசோதனை அறிக்கையிற் கையொப்பமிடும் பட்டதாரிகள் எம்மிடையே இல்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியுமா? கற்ற சமூகம் என்ற பெருமை எமக்கு உண்டு. அப்பெருமை பட்டதாரியின் வாசலோடு நின்றுவிட்டது.

உரிமம் கட்டாயமானால் ஏழைத் தொழிலாளரின் சோற்றில் மண் விழும் என்று எம்மோடு வாதிட்ட நண்பர்கள் உண்டு. அவ்வச்சம் நியாயமானதே. முதலிற் தண்டனை, பின்னர் வகுப்பு என்ற ஒழுங்கில் இது வருமாயின் அவ்வாறே நிகழும். எனவேதான் வகுப்பு முதலில் வரவேண்டும் என்கின்றோம். சான்றிதழற்றவர்கள் விலக்கப்பட்டால் அவ்வெற்றிடத்தை நிரப்ப எவர் உளர்? 2022 ஆம் ஆண்டில் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை தேடி இந்நாட்டை விட்டுப் போயினர். எஞ்சியிருப்பவரைத் துரத்துவது மடமை. அவரை உயர்த்துவதே வழி.

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. இருக்கும் தொழில்நுட்பக் கல்லூரிகளின் கதவுகள் தொழில் செய்வோருக்காக மாலையிலும் ஞாயிறு, போயா நாட்களிலும் திறக்கப்படல் வேண்டும். நாட்கூலிக்காரர் வகுப்புக்கு வரும் நாளின் கூலி அவருக்குக் கொடுக்கப்படல் வேண்டும். அச்செலவை மின்சாரம் விற்போரும் சூரியக் கருவி விற்போரும் பங்கிட்டுக்கொள்வதே முறை, ஏனெனில் இலாபம் அவர்களுடையது. உரிமத்தைப் புதுப்பிக்க ஆண்டுக்குச் சில மணி நேர வகுப்பு என்ற விதி, தமிழ்க் கைந்நூலொன்று ஒவ்வொருவர் கைக்கும் போய்ச் சேர்ந்த பின்னரே நடைமுறைக்கு வரல் வேண்டும். பாடசாலைப் பௌதிக நூல்களில் உயிர்க்கம்பி, நொதுமல், புவித்தொடுப்பு என்று அழகிய தமிழ்ச் சொற்கள் நெடுங்காலமாக வழங்குகின்றன. சொல் இல்லை என்று எவரும் சாட்டுச் சொல்ல இயலாது. மலையகத்து லயன் அறைகளிற் பழைய கம்பிகளாற் தீ மூளும் செய்திகள் ஓயவில்லை. அங்குள்ள இளைஞருக்கும் இதே நூல் போய்ச் சேரட்டும்.

ஊரளவில் நாமே செய்யக்கூடியதும் உண்டு. புவித்தடையை அளக்கும் கருவியும் காவலித்தடையை அளக்கும் ‘மெகர்’ கருவியும் தனியொரு தொழிலாளரின் கைக்கு எட்டாத விலை. ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் அவற்றை வாங்கி, நீரிறைக்கும் இயந்திரத்தை வாடகைக்கு விடுவதுபோல் விடலாம். ஓய்வுபெற்ற மின் அத்தியட்சகர்கள் வலிகாமத்திலும் வடமராட்சியிலும் மட்டக்களப்பிலும் எத்தனை பேர் சும்மா இருக்கின்றனர்! மாதத்தில் ஒரு மாலையை வாசிகசாலை மண்டபத்தில் செலவிட அவர்களை நாம் கேட்டதுண்டா? கமக்கார அமைப்புக் கூட்டங்களில் உரமானியம் பற்றி மூன்று மணி நேரம் பேசும் நாம், கிணற்றடி மோட்டாரைப் பற்றி அரை மணி நேரம் பேசலாம்.

இறுதியாக, தொழிலாளத் தோழர்களுக்குச் சட்டம் பற்றிச் சில சொற்கள். அரச பயிற்சி நிறுவனமொன்றில் நீங்கள் வகுப்புக்கு விண்ணப்பித்து, தமிழில் நடைபெறாது என்ற காரணத்தால் மறுக்கப்பட்டால், வாய்ச்சொல்லோடு திரும்பி வந்துவிடாதீர்கள். மறுப்பை எழுத்திற் கேளுங்கள். கொடாவிட்டால் நீங்களே கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமைக்கு மட்டுமன்றி மொழி உரிமைக்கும் உச்ச நீதிமன்றின் கதவைத் திறந்து வைத்திருக்கின்றது. ஆனால் மீறல் நிகழ்ந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் அங்கு செல்லுதல் வேண்டும். அந்த ஒரு மாதத்தைத் தவறவிட்டு எம்மிடம் வந்து நிற்போரைப் பார்த்துப் பார்த்து நாம் அலுத்துவிட்டோம். கடிதம் கைக்கு வந்தால் அதன் மூலையிலுள்ள திகதியை முதலில் வட்டமிட்டுவிட்டு, மறுநாட் காலையிலேயே ஒரு சட்டத்தரணியிடம் வாருங்கள்.